கண்ணில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் நிஜம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டிருக்கிறார்கள். தெருவே பகல் மாதிரி ஆகிவிட்டது. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கிறார்கள், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கம்பம் சரியாக எங்கள் மாடி ஜன்னலுக்கு எதிரே நிற்கிறது. அன்றிலிருந்து ஜன்னலில் கம்பளிப் போர்வையை ஆணியடித்து மாட்டிவிட்டுத்தான் படுக்கிறேன். யாரிடம் சொன்னாலும் "வெளிச்சம் வந்தா நல்லதுதானே" என்கிறார்கள்.

எனக்குப் பதினோரு வருடமாக ஒற்றைத் தலைவலி. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது, தலைக்கு நேர் மேலே பளீரென்று வெள்ளை விளக்குகள் வரிசையாக இருந்தன. தினமும் பதினொரு மணி வாக்கில் வவுச்சரில் இருக்கும் எண்களின் ஓரம் மினுங்க ஆரம்பிக்கும், அப்புறம் இடது பொட்டில் சுத்தியலால் தட்டுவது போல வலி, குமட்டல், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது எரிகிற சின்ன பல்பைக்கூடப் பார்க்க முடியாது. மூன்று தடவை கண் டெஸ்ட் எடுத்தேன், பவர்கூட இல்லை. கண்ணில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டுதான் எனக்கு எதிரியாகிவிட்டது. இதே லைட்டில்தானே எல்லோரும் வேலை பார்க்கிறார்கள் என்றார் மேலதிகாரி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருப்பவர் "மெட்ராஸ் ஐ-யா?" என்று கேட்டுவிட்டு எழுந்து தள்ளி நிற்பார்.

நரம்பு டாக்டர்தான் எனக்குப் புரிய வைத்தார். பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் உணரும் வேறு செல்களும் விழித்திரையில் உண்டாம், அவை நீல வெளிச்சத்துக்கு அதிகம் தூண்டப்படுகின்றன. அவை அனுப்பும் செய்தி மூளையில் தலைவலிப் பாதை ஓடும் இடத்திலேயே போய்ச் சேர்கிறது என்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஆராய்ச்சியாளர் ராமி பர்ஸ்டீன் குழுவினர் 2010-இல் எழுதியிருக்கிறார்கள். பார்வை போனாலும் வெளிச்சத்தை உணர முடிகிறவர்களுக்கு, ஒற்றைத் தலைவலி நேரத்தில் விளக்கைப் போட்டால் வலி கூடியதாம். அதைக் கேட்டு அன்று டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அடுத்தது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடவை உச்சம் தொடும் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப் லைட் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. மட்டமான டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) உள்ள எல்இடியும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செல்போன் கேமராவை அதன் பக்கம் திருப்பினால் பல நேரம் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடும், வீட்டில் செய்து பாருங்கள். 1989-இல் பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் ஓர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் ட்யூப் லைட்டுகளை அதிக அதிர்வெண்ணில் எரியும் வகைக்கு மாற்றிப் பார்த்தபோது, அங்கு வேலை செய்தவர்களின் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆக, இது என் ஒருத்தியின் கற்பனை இல்லை.

ஆனால் என் பிரச்சினையைத் தீர்த்தது எங்கள் ஆபீஸ் எலக்ட்ரீசியன் தம்பிதான். "எந்த லைட்டு, அக்கா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஏணி போட்டு ஏறி, என் தலைக்கு மேலே இருந்த இரண்டை மட்டும் கழற்றினார், மேஜைக்கு ஒரு மஞ்சள் விளக்கு வைத்தார், முக்கால் மணி நேர வேலை. மாதம் எட்டு நாள் லீவு போட்டவள் இப்போது இரண்டு நாள்தான் போடுகிறேன், மாத்திரையும் சேர்த்துத்தான், அதையும் சொல்ல வேண்டும்.

கும்பகோணத்தில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில், மேடையில் வீடியோ லைட்டும் எல்இடி திரையும் முகத்தில் அடித்ததில் தாலி கட்டுவதற்குள் தாங்க முடியாமல் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் ஓடினேன். அங்கே ஒரு பாட்டி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஈரத் துண்டைப் பிழிந்து என் நெற்றியில் போட்டுவிட்டு, கதவிடுக்கு வெளிச்சத்திலேயே மிச்சத் தண்டையும் நறுக்கினார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

இந்தத் தொல்லை இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயும் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். கண் இருட்டுக்குப் பழகிப்போய் வெளிச்சத்துக்குக் கண் கூசுவது இன்னும் கூடும் என்றார் டாக்டர். வெயிலுக்கு மட்டும் கறுப்பு, உள்ளே இளஞ்சிவப்புச் சாயம் போட்ட எஃப்எல்-41 கண்ணாடி கேட்டுப் பாருங்கள், எனக்குக் கொஞ்சம் உதவுகிறது. இந்தக் கண் கூச்சம் திடீரென்று வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து மடங்காமல் விறைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், அது வேறு சமாச்சாரம்.

தெருவிளக்கு போடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளிச்சம் ரோட்டில் விழட்டும், எங்கள் படுக்கையில் வேண்டாம். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி ஒரு மறைப்புத் தகடு வைத்தால் போதும், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எல்இடியும் கடையில் கிடைக்கிறது.

அந்தப் போர்வையால் ஒரு நல்லதும் நடந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மா தெருவிலிருந்து அதைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்து, "எதுக்குங்க போர்வை?" என்று கேட்டார். அவர் மகள் பிளஸ் டூ. அவளுக்கும் இதேதான், வகுப்பில் நடிக்கிறாள் என்று பேர் வாங்கியிருக்கிறாள். இப்போது சாயங்காலம் அவள் என் அறையில் மஞ்சள் விளக்கில் படிக்கிறாள். பொதுத்தேர்வில் ஜன்னல் ஓரம் இடம் கேட்டு, டாக்டர் சீட்டையும் வைத்து, நானும் அவளுமாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திருச்சி.