ஆபர் லெட்டர் வந்திருக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். நேற்று போனில் அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன், ராத்திரி முழுக்க மனசு அதிலேயே கிடந்தது. சென்னைப் பக்கம் சிறுசேரியில் பெரிய ஐடி கம்பெனியா, கோயம்புத்தூரில் இருபது பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியா என்று கேட்டாய். பதினைந்து வருடமாகப் பெரிய கம்பெனிகளிலேயே இருப்பவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாத்தாவுக்கு மதுரையில் பைபாஸ் செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. தனியாக பாலிசி எடுக்கப் போயிருந்தால், ஏற்கெனவே உள்ள நோய் என்று சில வருடம் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். என் கம்பெனியின் குரூப் இன்சூரன்சில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஒரு நகையும் அடகுக்குப் போகாமல் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பெரிய கம்பெனி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்தான். சம்பளம் தேதி தவறாது, பிஎப் ஒழுங்காக ஏறும், நைட் ஷிப்ட் முடிந்தால் வாசல் வரை கேப் வரும். இதெல்லாம் நம் மாதிரி வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வேலை? அது வேறு கதை. ட்ரெயினிங் முடிந்ததும் பெஞ்சில் உட்காருவாய், அதாவது ப்ராஜெக்ட் கிடைக்கும் வரை வேலையில்லாமல் காத்திருப்பாய். எந்த ப்ராஜெக்டில் ஆள் தேவையோ அங்கே அனுப்புவார்கள். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்குக் கிடைத்தது மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் கோபோல், 1959-ல் உருவான ப்ரோகிராம் மொழி. அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் பழைய ப்ரோகிராம்களில் டிக்கெட், அதாவது புகார் வந்தால் சரிசெய்ய வேண்டும், ராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோனால் எழுந்து உட்கார வேண்டும். மூன்று வருடம் இப்படியே போனது. பிரீமியம் கணக்கு எனக்கு அத்துப்படி ஆனது உண்மை. ஆனால் வெளியே இன்டர்வியூவுக்குப் போனபோது, "நீங்க என்ன செஞ்சீங்க?" என்ற கேள்விக்கு "எங்க டீம்ல செஞ்சோம்" என்பதைத் தாண்டி எனக்குப் பதில் வரவில்லை. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கோயம்புத்தூரில் டேட்டாபேஸ் முதல் கஸ்டமர் போன் வரை எல்லாம் உன் தலையில் விழும். பிழிந்து எடுக்கும், ஆனால் அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கும்.

அப்புறம் அப்ரைசல், வருடா வருடம் நம் வேலைக்கு ரேட்டிங் போடுவது. 2017-ல் சட்டம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. அப்போது நான் இருந்த கம்பெனி ஒரு நாள்கூடக் குறைக்காமல் கொடுத்தது. ஆனால் திரும்பி வந்ததும் கடைசி ரேட்டிங். "டீம்ல யாருக்காவது கொடுத்தாகணும், நீங்க ஆறு மாசம் இல்லையே" என்றார் மேனேஜர். இன்றும் அதை நினைத்தால் மனசு எரிகிறது. நீ செய்யும் வேலையை நீயே மாதாமாதம் எழுதி, மெயிலில் அனுப்பி வை. கேட்கும்போது காட்ட ஏதாவது கையில் வேண்டும்.

லெட்டரில் இருக்கும் சிடிசியை, அதாவது உனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவைப் பார்த்து அக்காவிடம் கணக்குச் சொல்லாதே. கம்பெனி கட்டும் பிஎப் பங்கு, வேலையைப் பொறுத்து கூடக் குறைய வரும் வேரியபிள் பே எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். நோட்டீஸ் பீரியட், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள் என்று போட்டிருக்கிறதா பார். நாளை வேறு வேலை கிடைத்தால் அந்த மூன்று மாதம்தான் பெரிய முட்டுக்கட்டை. இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்ட் என்று சொல்லி ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கேட்டால் யாரிடமும் கொடுக்காதே.

சரி, என் முடிவைக் கேட்டாய். அத்தானுக்குக் கடை வருமானம் மட்டும்தான், வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை, அத்தானுக்கும் அக்காவுக்கும் இன்சூரன்ஸ் கிடையாது. அதனால் சிறுசேரிக்கே வா. ஆனால் என்னைப் போல் மூன்று வருடம் காத்திருக்காதே. ஒன்றரை வருடத்தில் உனக்குப் பிடித்த வேலை கிடைக்கவில்லை என்றால் ப்ராஜெக்ட் மாற்றம் கேள், கொடுக்கவில்லையா, வெளியே தேடு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் மரியாதையாக ஒரு பதில் போடு, பின்னால் அந்தக் கதவு உனக்கு வேண்டியிருக்கலாம்.

ஹாஸ்டல் எல்லாம் வேண்டாம், மேடவாக்கத்தில் நம் வீட்டிலேயே தங்கிக்கொள். கையெழுத்துப் போடும் முன் லெட்டரின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
சித்தி