2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: சுவருக்குள் கிடக்கும் பழைய போன் வயர்

தலைவர் அண்ணனுக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் நம் தாமான் குடியிருப்புக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கலை மண்டபத்து வாசலிலேயே வைத்தோம், தூறல் போட்டும் பானை நன்றாகப் பொங்கியது. தீபாவளிக்கு முந்திய கோத்தோங் ரோயோங் கூட்டுத் துப்புரவில் பின்வரிசைச் சாக்கடை முழுக்கச் சுத்தமானது. சென்ற கூட்டத்துக்குப் பிறகு அனுப்ப வேண்டிய ஆண்டு விவரங்களை, சட்டம் கேட்கும் 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவிட்டோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை நான் பழைய போன் வயரை வீட்டுக்குள் இணையத்துக்குப் பயன்படுத்தும் வேலைக்குத்தான் கேட்கிறேன், இந்த ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி அதற்கே போனது.

இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பிள்ளையால் தொடங்கியது இது. ரூட்டர் கூடத்தில், அவள் அறை கடைசியில், வைஃபை எட்டாது. இரவு 11 மணிக்கும் கூடத்துத் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள், பக்கத்திலேயே டிவி ஓடும். சுங்கை சிப்புட்டில் நம் வரிசை வீடுகளெல்லாம் செங்கல் சுவர், அதிலும் சமையற்கட்டைப் பின்னால் இழுத்துக் கட்டியவர்களுக்கு இடையில் மூன்று சுவர் நிற்கும். அவள் அம்மா ஒரு குத்தகையாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். சுவரை வெட்டித்தான் வயர் போட முடியும் என்று அவர் சொன்ன விலையைக் கேட்டதும் அம்மா பேச்சையே விட்டுவிட்டார். அதே அறையில், கட்டில் தலைமாட்டில், ஒரு போன் சொக்கெட் இருந்தது. வந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

நாங்கள் திறந்தோம். திருகாணி இரண்டைக் கழற்றினால் உள்ளே சிமெண்டுத் தூள், காய்ந்த பல்லி முட்டை ஓடு, அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கேபிள். நீலமும் வெள்ளைநீலமும் மட்டும் போனுக்குப் போயிருந்தன. ஆரஞ்சு, பச்சை, பழுப்பு ஜோடிகள் மூன்றையும் யாரோ பொறுமையாகக் கேபிள் உறை மேலேயே சுற்றி வைத்திருந்தார். தூசியைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உறையில் கேட் 5இ என்று அச்சு, கணினி வலைக்கான கேபிள் அது! வீட்டைப் புதுப்பித்தபோது வயர் போட்டவர் கையிலிருந்த நல்ல கேபிளையே போனுக்கும் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். போனுக்கு ஒரு ஜோடி போதும். கணினிகளை வயரில் இணைக்கும் ஈதர்நெட்டில் 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி, ஒரு கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நான்கும் இத்தனை வருடமாக அந்தச் சுவருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. இரு முனையிலும் ஈதர்நெட்டுக்கான ஆர்ஜே45 சொக்கெட் மாட்டி ரூட்டரில் செருகியதும் கிகாபிட் வந்தது. அந்தப் பிள்ளை அன்று மாலையே மேசையை அறைக்குள் நகர்த்திக்கொண்டாள்.

எல்லார் வீட்டிலும் இப்படி அமையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டியபோதே வந்த வயராக இருந்தால் பெரும்பாலும் நான்கே கம்பி, அது பேச்சுக்காகச் செய்தது. கிட்டத்து அறைக்கு 100 மெகாபிட் ஓடினாலும் ஓடும், ஆனால் அதை நம்பி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த வயர் பிளாஸ்டிக் குழாய்க்குள் போகிறதா என்று மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அதன் வாலிலேயே புதுக் கேபிளைக் கட்டி, முடிச்சு தடுக்காதபடி டேப் சுற்றி, ஒருவர் இந்தப் பக்கம் தள்ள இன்னொருவர் அந்தப் பக்கம் இழுத்தால் பழையது வெளியே வரும்போது புதியது உள்ளே போய்விடும். குழாயே இல்லாமல் சிமெண்டுக்குள் வைத்துப் பூசியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, இரண்டு வீட்டில் அப்படித்தான் திரும்பி வந்தோம்.

அடுத்த சிக்கல், போன் வயர் போகும் வழி. கூடத்திலிருந்து முதல் அறை, அங்கிருந்து அடுத்த அறை என்று பூக்கட்டியதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்திருப்பார்கள். போன் அதற்கெல்லாம் கவலைப்படாது. ஈதர்நெட் கேபிளுக்கு இரண்டே முனைதான், நடுவில் கிளை பிரியக் கூடாது. அதனால் நடு அறையில் வரும் வயருக்கு ஒரு சொக்கெட், போகும் வயருக்கு ஒரு சொக்கெட் போட்டு, இரண்டையும் ஈதர்நெட் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் என்ற சின்னப் பெட்டியில் சேர்த்தோம். அதற்குப் பக்கத்தில் மின்சாரப் பிளக் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் வெளியிலிருந்து வரும் செம்பு லைனைப் போன் பெட்டியிலேயே பிரித்துவிட வேண்டும், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உயிரோடிருக்கும் போன் லைனில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் இருக்கும், மணி அடித்தால் அதைவிட அதிகம். அது ரூட்டருக்குள் போனால் ரூட்டர் போய்விடும். 2010இல் மலேசியாவில் யூனிஃபை என்னும் கண்ணாடி இழை இணையச் சேவை தொடங்கி, அப்புறம் படிப்படியாக நம் பக்கமும் கண்ணாடி இழை வந்த பிறகு, பல வீட்டில் அந்தச் செம்பு சும்மாதான் தொங்குகிறது. முன்பு மாலை இடியில் மோடம் கருகியதெல்லாம் இந்த வயர் வழியாகத்தான். கம்பத்திலிருந்து வருவதைப் பிரித்து வைத்தால் அந்த வழி அடைபடும். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது.

ஒரு பிழையையும் பதிவு செய்கிறேன், நான் செய்தது. மண்டபத்துக்கு எதிர்வீட்டில் கம்பிகளை ஜோடி ஜோடியாக வரிசைப்படி மாட்டினேன், இரு முனையிலும் ஒரே மாதிரி. கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன, ஆனால் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. இரண்டு வாரம் ரூட்டரைக் குறை சொன்னோம். ஜோடிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டிருப்பதுதான் பக்கத்து ஜோடியின் இரைச்சலைத் தடுக்கிறது. சொக்கெட்டின் எட்டு இடங்களில் 3ஆவது, 6ஆவது இடங்களுக்கு ஒரே ஜோடி போக வேண்டும், நான் இரண்டு வேறு ஜோடியிலிருந்து கொடுத்திருந்தேன். மலிவான டெஸ்டர் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று மட்டும் பார்க்கும், அது எந்த ஜோடி என்று பார்க்காது. டி568பி என்னும் கம்பி நிற வரிசையை இப்போது கருவிப்பெட்டி மூடியில் ஒட்டிவைத்திருக்கிறோம்: வெள்ளைஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

மூன்றாம் வரிசைப் பாட்டி மட்டும் போனை எடுக்கவே விடமாட்டேன் என்றார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தபோது போன் என்றால் ஆபீசில்தான், ஒரு சாவுச் செய்திக்குக்கூடத் தோட்டத்து எழுத்தரான கிராணி ஆள் அனுப்ப வேண்டும், தாமானுக்கு வந்து சொந்தமாக வாங்கிய போன் இது என்றார். அவர் சொல்வது எங்களுக்குப் புரிந்தது. இப்போது போன் சேவை ரூட்டரின் பின்புறத்திலிருந்தே வருவதால், பழைய வயரில் ஒரு ஜோடியை அதிலிருந்து அவர் நாற்காலிப் பக்கம் வரை கொண்டுபோனோம். அதே போன், அதே இடம், எண்ணும் மாறவில்லை.

கேபிள் வாங்குவதில் கவனம் வேண்டும். ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினோம், சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை, செம்பு முலாம் பூசிய அலுமினியம். இரண்டு தடவை வளைத்தாலே ஒடிகிறது. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இனி முழுச் செம்பு என்று உறையில் அச்சிட்டிருந்தால்தான் வாங்குவோம்.

வரும் ஆண்டுக்குச் செயலவை கேட்பது கம்பியைச் சொக்கெட்டில் அழுத்திச் செருகும் ஒரு குரோன் கருவியும் இன்னொரு டெஸ்டரும், அப்புறம் இளையோரில் நான்கு பேர். கம்பி செருகப் பழக ஒரு காலைப் பொழுது போதும். இன்னும் பார்க்காத வீட்டுக்காரர்கள் தேநீருக்குப் பிறகு என் நோட்டில் வீட்டு எண்ணை எழுதுங்கள், முடிந்தால் அதற்கு முன் சொக்கெட்டைத் திறந்து உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கருவிப்பெட்டி என் வீட்டு வரண்டாவில்தான் இருக்கிறது, யாரும் எடுத்துப் போகலாம், டெஸ்டருக்கு மட்டும் பேட்டரி மாற்ற வேண்டும்.