புளி இருக்கா தாயி?

அன்புள்ள மருமகளுக்கு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி திருநகரிலிருந்து போன் போட்டு, "வீட்டுல ஒண்ணுமே இல்லை அத்தை, ஓட்டல்ல வாங்கிடட்டுமா?" என்று கேட்டாய். "புளி இருக்கா தாயி?" என்றேன். நீ சிரித்துவிட்டாய். பிள்ளைகள் பசியில் கத்திக்கொண்டிருந்தார்கள், நானும் மேற்கொண்டு விளக்கவில்லை. அதுதான் இப்போது எழுதுகிறேன்.

நம் வீட்டுக் குழம்பை முடிவு செய்வது காய் இல்லை, புளிப்பு. அது என்னவென்று தெரிந்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. புளி இருந்தால் காரக்குழம்பு. காயே இல்லையா? அப்பளத்தைப் பொரித்து நொறுக்கி, இறக்கும்போது போடு. தயிர் புளித்துக் கிடந்தால் மோர்க்குழம்பு. ஊறவைத்த துவரம்பருப்பும் பச்சரிசியும் கொஞ்சம் அரைத்துக் கலந்தால் திரியாது, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழம் மட்டும்தான் என்றால், பருப்பு ரசத்தை இறக்கிவைத்த பிறகு பிழி. கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். கேஸே தீர்ந்துபோன ராத்திரிக்கும் வழி உண்டு. புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டு, உப்பும் கொத்தமல்லியும் சேர்த்தால் பச்சைப்புளி ரசம். மதியச் சோறு மிச்சமிருந்தால் போதும்.

இதெல்லாம் நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்ததில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, உன் மாமனார் ஊர்ச்சனம் 11 பேரைச் செல்லூர் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். ஒரு வார்த்தை முன்னாடி சொல்லவில்லை. (இன்றைக்கும் சொல்வதில்லை, அது வேறு கதை.) அந்தக் கூட்டத்தில் கடைக்குப் போய்வர முடியுமா? வீட்டில் அரிசி தாராளமாக இருந்தது. அது போக 2 உழக்கு தட்டைப்பயறு, 4 கத்தரிக்காய், புளி, அவ்வளவுதான். பயறு ஊறவில்லையே என்ற பதற்றத்தில் புளிக்கரைசல், பயறு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு ஏற்றிவிட்டேன். கத்தரிக்காய் கரைந்தே போனது, பயறு மட்டும் கல்லு மாதிரி கிடந்தது. மணி மூன்றாகியும் இலை போடவில்லை. கொல்லைப்புறம் போய் அழுதேன்.

உன் மாமனாரின் பெரியம்மாதான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "புளியை முதல்லயே ஊத்துனா பயறு எப்படி வேகும்?" என்றார். புளிப்பு சேர்ந்தால் பயறு சீக்கிரம் மெத்தென்று ஆகாது. முதலில் வெறும் தண்ணீரில் மலர வேகட்டும், புளி அதற்கப்புறம்தான். தட்டைப்பயறை வாசம் வரும்வரை வறுத்துவிட்டால் ஊறவைக்காமலே குக்கரில் நாலைந்து விசிலில் வெந்துவிடும். இது அன்றைக்குத் தெரிந்திருந்தால்! மொச்சை அப்படியில்லை. அதை முதல் நாள் ராத்திரியே ஊறப் போட வேண்டும், அவசரத்துக்கு அந்த டப்பா பக்கமே போகாதே.

இன்னொன்று. குழம்பு தண்ணியாக இருக்கிறதே, தேங்காய் இல்லையே என்று தவிக்காதே. பொட்டுக்கடலையும் சோம்பும் அரைத்து ஊற்று. அதுவும் இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் அரிசிமாவு கரைத்து விடு. எனக்கு அரிசிமாவுக் குழம்பு பிடிக்காது, ஆனால் பசித்த பிள்ளை கண்டுபிடிக்காது. வெஞ்சனத்துக்குப் பீர்க்கங்காய்த் தோல் போதும். வதக்கி, உளுந்தும் மிளகாயும் வறுத்துச் சேர்த்தரைத்தால் துவையல். நீ அதைக் குப்பையில் போடுவதைப் போன மாதம் பார்த்தேன், மாமியார் பேச்சு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

பிரிட்ஜைத் திறந்ததும் புதுக் காயைத் தேடாதே. நாளைக்கு வாடப்போவது எது என்று பார், அதிலிருந்து தொடங்கு. ஆனால் ஒன்று: சித்திரை வெயிலில் வெளியே வைத்த தேங்காய்ச் சட்னியை மட்டும் மிச்சம் பிடிக்காதே, கொட்டிவிடு.

செவ்வாய்க்கிழமை கடைசியில் என்ன செய்தாய் என்று கேட்கவே மறந்துவிட்டேன். பரோட்டாதான் வாங்கினாய் என்றால் ஒன்றும் சொல்லமாட்டேன். சால்னா மிஞ்சி, பிரிட்ஜில் வைத்திருந்தால் சரி, நன்றாகக் கொதிக்கவைத்துக் காலையில் இட்லிக்கு ஊற்றிக் கொடு. என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே அது பிடிக்கும்.

அன்புடன்,
செல்லூர் அத்தை