செய்தி உன் வாயிலிருந்து போகட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மஞ்சக்குப்பத்தில் வெயில் கொளுத்துகிறது. சாயங்காலம் கடல்காற்று வந்துவிடுவதால் சமாளிக்கிறோம்.

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. வேலை தாமதமானதற்குக்கூட, நீங்கள் மென்பொருள் செய்து கொடுக்கிற அந்த வங்கிக்காரர்கள் அவ்வளவு கோபப்படவில்லை, "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றுதான் கத்தினார்கள் என்றாய். அது நியாயமான கோபம், பாப்பா. போனில் இதைப் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் வேலை மென்பொருள். என் வேலை ரோடு, வடிகால், சிறுபாலம். இரண்டிலும் கை வைத்து வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த வேலையால் பிழைப்பு மாறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை ஸ்டேக்ஹோல்டர் என்கிறீர்கள். ப்ராஜெக்ட் நடத்தும் முறைகளை வகுக்கிற பி.எம்.ஐ. அமைப்பு தன் வழிகாட்டியில் இதைத் தனிப் பகுதியாக 2013-ல்தான் சேர்த்தது என்று நீ பரீட்சைக்குப் படிக்கும்போது சொன்னாய். சைட்டில் நிற்கிறவனுக்கு இது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பள்ளம் தோண்டினால் கடைக்காரர்தானே முதலில் வந்து நிற்பார்?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெருவில் மழைநீர் வடிகால் கட்டினோம். வைகாசியில் பாடலீஸ்வரர் தேர் வருகிற தெரு. யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. மின்வாரியம், குடிநீர், டெலிபோன், போலீஸ், கோயில் நிர்வாகம், கவுன்சிலர், வியாபாரிகள் சங்கம் என்று ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கடிதம் போய்விட்டது. பார்த்தால் குறையே சொல்ல முடியாத பட்டியல்.

ஒரு நாள் டீ நேரத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர். கம்பி கட்டிக்கொண்டிருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த முனையில் தேர் ஒரே மூச்சில் திரும்பாது. கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் திருப்புவோம். பின்சக்கரம் இந்த ஓரம் வரைக்கும் வரும். உங்க சிலாப் தாங்குமா?" என்று கேட்டார். வரைபடத்தில் அது ஆட்கள் நடக்கிற சிலாப். தேர் ரோட்டின் நடுவில் போகும் என்பதுதான் கணக்கு. இன்ஜினியரை வரவழைத்தோம். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரம் போகிற தடத்தில் அடி அடியாக நடந்து காட்டினார். பின்னாலேயே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே போனோம். அந்த முனையில் மட்டும் சிலாப்பின் கனத்தைக் கூட்டி, கம்பியை நெருக்கிக் கட்டினோம்.

கோயிலுக்குப் போன கடிதத்தை அந்தப் பெரியவர் பார்த்தே இருக்க மாட்டார். ஆனால் வேலைக்கு வேண்டிய விஷயம் அவர் காலில் இருந்தது. உன் ப்ராஜெக்டில் கையெழுத்துப் போடுகிறவர் வங்கியின் பொது மேலாளர், அதாவது ஜி.எம். கிளையில் கடன் மேஜையில் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிறவர்களின் விண்ணப்பத்தைத் தட்டப்போகிறவர் யார்? அவரை ஒரு தடவையாவது பார்த்தாயா? ஏதாவது ஒரு கிளைக்குப் போய், அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார். எதுவும் விளக்காதே, பார்த்துக்கொண்டிரு. அதற்கு அனுமதி வாங்குவது சிரமம் என்று சொல்லாதே, வாங்கு.

அதிகாரம் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று பார்த்து ஆட்களை நான்கு கட்டத்தில் போடும் படத்தைக் காட்டினாயே, அது ஆரம்பிக்க நல்லதுதான். ஆனால் ஒருமுறை போட்ட கட்டத்திலேயே யாரும் இருக்க மாட்டார்கள். சும்மா தலையாட்டிவிட்டுப் போகிற கவுன்சிலர் தேர்தல் வந்தால் தினமும் சைட்டுக்கு வருவார். தீபாவளிக்கு முந்தின மாதம் ஜவுளிக் கடைக்காரருக்கு இருக்கிற பதற்றம் சாதாரண மாதத்தில் இருக்காது. உன் வங்கியிலும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, தணிக்கை, ஆள் மாற்றம் எல்லாம் உண்டு. மாதம் ஒரு தடவையாவது அந்தப் படத்தைத் திருத்து.

அடுத்தது தாமதம். இதுதான் நேற்று உன்னைக் கடித்தது.

நான் சூப்பர்வைசராக இருந்தபோது ஒரு ஒப்பந்தக்காரர், பெயர் வேண்டாம், எதையும் வெளியில் சொல்லவிட மாட்டார். கடைத்தெருவில் வாய்க்கால் தோண்டிப் போட்டாயிற்று, கம்பி வரவில்லை. கடைக்காரர்கள் கேட்டால் "ரெண்டு நாள்" என்பார். ரெண்டு நாள் கழித்துக் கேட்டாலும் அதே "ரெண்டு நாள்". மூன்றாவது தடவை அதையே சொன்னபோது தெருவே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கைக்கு மனுவும் போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த மருந்துக் கடைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "பத்து நாள் ஆகும்னு முதல்லேயே சொல்லியிருந்தா, பின்வாசல் வழியா லோடு இறக்க ஏற்பாடு பண்ணியிருப்பேன் சார்." அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தேதிதான்.

அதற்கப்புறம் வேறு ஒருவரிடம் வேலை பார்த்தபோது, தோண்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடை கடையாகப் போவதை வழக்கமாக வைத்துக்கொண்டோம். நாளைக்கு உங்கள் வாசலில் தோண்டுவோம், இன்ன நாள் வரை இருக்கும், ஆள் ஏறி வரப் பலகை போடுவோம், ஏதாவது என்றால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள். அவ்வளவுதான் பேச்சு. தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால், அந்தத் தேதி வருவதற்கு முன்னால் திரும்பப் போவோம். திட்டுவார்கள், திட்டத்தான் செய்வார்கள். அதை நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் மறுநாள் அதே கடைக்காரர் நம் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்.

ஜி.எம்.முக்கு மட்டும் வெள்ளிக்கிழமை கூட்டம் வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று உன் மேனேஜர் சொன்னாராம். அதற்குள் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? யாராவது ஒருத்தர் கேன்டீனில் சொல்லிவிடுவார். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டால் சின்னத் தாமதம்கூட ஏமாற்று வேலை மாதிரித் தெரியும். வாராவாரம் எல்லாம் சரி என்று பச்சை நிறம் போட்டே அறிக்கை போய், கடைசி வாரம் திடீரென்று சிவப்பாகிற ப்ராஜெக்டைத் தர்பூசணி என்று நீங்களே சொல்வீர்களாமே? சிக்கல் வரும்போல இருந்தால் அறிக்கையில் மஞ்சள் போடக் கூச்சப்படாதே. மஞ்சள் போட்டால், அந்தப் பக்கத்திலேயே நீ என்ன செய்யப்போகிறாய் என்று இரண்டு வரி எழுது.

எப்படிச் சொல்வது என்பதும் பெரிய விஷயம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது ஞாபகம் இருக்கும். அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலே தண்ணீர் வந்தது. இன்ஜினியருக்கு அந்த எண்ணே போதும், எல்லாம் புரிந்துவிடும். ஆற்றங்கரையில் குடியிருக்கிற அம்மாவுக்கு அதை வைத்து என்ன செய்வது? எந்த நேரத்துக்கு வரும், எந்தத் தெரு வரைக்கும் ஏறும், மாட்டை எங்கே ஓட்டிப்போய்க் கட்டுவது, இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நீ ஜி.எம்.முக்கு "இன்டக்ரேஷன் தாமதம்" என்று மெயில் போட்டால் அவருக்கும் அதே நிலைதான். "பதினைந்தாம் தேதி கடன் மேளாவில் வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். போகாது, அன்றைக்கு மட்டும் கிளையில் அச்சடித்த சீட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம்" என்று எழுதினால் அவர் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

எல்லா மெயிலையும் எல்லோருக்கும் போடுகிற பழக்கத்தையும் விடு. ஐந்து பேர் இருந்தால் அவர்களுக்குள் 10 ஜோடி, 10 பேர் என்றால் 45, 20 பேர் என்றால் 190. அத்தனை வழியிலும் செய்தி ஓடினால் எதுவும் யார் காதிலும் ஏறாது. யாருக்கு எது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, போனா மெயிலா நேரிலா என்று அவர்களிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள். சிலர் மெயிலைத் திறக்கவே மாட்டார்கள், இரண்டு நிமிடம் போன் போட்டால் போதும்.

ஆனால் போனில் பேசி முடிவானதை அன்றைக்கே எழுத்தில் போட்டுவிடு. சைட்டில் சைட் ஆர்டர் புக் என்று ஒன்று இருக்கும். இன்ஜினியர் வந்து "இதை மாற்று" என்று சொன்னால் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒப்பந்தக்காரரும் போட வேண்டும். மண்ணுக்குள் போகிற அஸ்திவாரத்தை மூடுவதற்கு முன்னால் அளந்து எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றுவோம். மூடிய பிறகு யார் சொல்வது உண்மை என்று எப்படிப் பார்ப்பது? வங்கிக்காரர் போகிற போக்கில் "இந்தத் திரையில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்துவிடும்மா" என்பார். சேர்க்கலாம். எத்தனை நாள் கூடும், செலவு யாருடையது என்று எழுதி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு சேர்.

மேலே கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால் போ, பயப்படாதே. ஆனால் யாரைத் தாண்டிப் போகிறாயோ அவரிடம் சொல்லிவிட்டுப் போ. "சார், இது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நாளைக்கு மேலே எடுத்துப்போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று சொல். முதுகுக்குப் பின்னால் போன புகாரை மனுஷர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். அந்த ஆளோடு நீ இன்னும் எத்தனையோ மாதம் வேலை செய்தாக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. உன் மேனேஜரிடம் இந்தக் காரணங்களைச் சொல்லிக் கேட்டுப் பார். கேட்பார் என்றுதான் தோன்றுகிறது. அவர் சரி என்றதும் ஜி.எம்.முக்குப் போன் போடு, மெயில் அப்புறம். என்ன ஆயிற்று, அவருக்கு எது பாதிக்கும், புதுத் தேதி என்ன, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசு. புதுத் தேதியை உன் டீமிடம் கேட்காமல் சொல்லாதே. அவர்களும் உன் பேச்சை நம்பி இருக்கிறவர்கள்தான்.

அவர் கோபமாகப் பேசினால் குறுக்கிடாமல் கேள். முடித்த பிறகு கிளைக்கு வந்து பார்க்க அனுமதி கேள்.

பேசிய பிறகு என்ன சொன்னார் என்று எனக்குச் சொல். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா