தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

வயல்களின் கழிவு வாய்க்கால் விழும் வன்னிக் குளமொன்று நஞ்சிலிருந்து மீண்டுவிட்டதா என்று ஒரு போத்தல் தண்ணீரை வைத்து முடிவு கட்ட முடியாது. இன்று தெளிக்கப்படும் கிருமிநாசினிகளில் பல, சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். செத்த உயிர்கள் அந்த வேகத்தில் திரும்புவதில்லை. பாசியை மேயும் நுண்ணிய நீருயிரியான நீர்த்தெள்ளு முதலில் சாகும், மேய ஆளில்லாமல் பாசி பெருகி நீர் பச்சையாகும். பழி முழுவதும் உரத்துக்குப் போகும்! நீர்த்தெள்ளு வேகமாகப் பெருகுவதால் விரைவில் மீளும். தும்பி பறந்துவந்து முட்டையிடும். பறக்க முடியாத நன்னீர் இறாலோ மேற்குளம் வான்பாயும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்க வேண்டும். அரை மில்லிமீற்றர் கண்ணுள்ள கைவலையால் அலைகரைப் புற்களுக்குள் மூன்று நிமிடம் அள்ளி, வெள்ளைத் தட்டில் பிரித்து, 70 சதவீத எதனோலில் இடலாம். கழிவுநீர் விழாத குளமொன்றிலும் அதே கிழமையில் அள்ளுவது கட்டாயம். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும்போது நஞ்சே இல்லாமலும் பூச்சிகளின் தொகை மாறும்.

டிடிடி என்ற பழைய பூச்சிகொல்லி, இரசம் (பாதரசம்) போன்றவை இப்படிச் சிதைவதில்லை. சேற்றில் தங்கி, தின்பவனிலிருந்து தின்பவனுக்கு ஏறும். இவற்றுக்கு மீன் தசையைச் சோதிக்க வேண்டும். பலர் சறுக்குவது மீனைத் தெரிவதில்தான். குஞ்சாகக் கொண்டுவந்து விட்ட கட்லா, ரோகு அந்தக் குளத்தின் பழைய கதையைச் சொல்லாது. அங்கேயே பிறந்து வளரும் விராலை எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில். பெரிய மீனில் இரசம் கூடுதலாகவே இருக்கும். டிடிடி பார்ப்பதானால் தசையை அலுமினியத் தாளில் சுற்றி மறை 20 பாகை செல்சியசில் உறையவையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

விராலின் இரை மாறினாலும் அதன் தசையில் நஞ்சின் அளவு இறங்கும். அதைக் குளத்தின் மீட்சி என்று எண்ணிவிடக் கூடாது. நைதரசன்-15 சமதானி (நைதரசனின் சற்றுப் பாரமான வகை) உணவுப்படி ஒன்றுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ 3.4 பங்கு கூடுவதால், இரை மாறியதா என்பதை அதே தசையில் அறியலாம்.

கனடாவின் ஆய்வு ஏரியொன்றில் ஏழு ஆண்டுகள் அடையாளமிட்ட இரசத்தைச் சேர்த்துப் பின் நிறுத்தினார்கள். எட்டு ஆண்டுகளில் அந்த இரசம் பைக் மீனில் 76 சதவீதம் குறைந்தது. வெண்மீனில் 38 சதவீதமே. ஒரே ஏரி, ஒரே நஞ்சு. ஆகவே குளங்கள் பற்றி இனி நீங்கள் வெளியிடும் அறிக்கைகளில் எந்த மீன், என்ன நீளம், எந்த மாதம் என்பவற்றையும் அச்சிடுங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி