மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு: என் அப்பாவை ‘நீங்க’ என்று கூப்பிடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காவல் நிலையங்களில் என்னென்ன வார்த்தைகள் புழங்குகின்றன என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சந்தை வாசலில் நிறுத்தியிருந்த அப்பாவின் மொபெட் திருடு போனது. அவருக்கு 66 வயது. ஆர்.சி. நகலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். மனுவை வாங்கிய காவலர் எடுத்ததுமே, “எங்கடா வுட்ட?” என்றார். அப்புறம் கேட்ட ஒவ்வொரு கேள்வியிலும் தாயைச் சொல்லும் அந்த வசவு. அவருக்குக் கோபம்கூட இல்லை. நாம் பேச்சுக்கு நடுவே ‘வந்து’, ‘அதாவது’ என்று போடுவோமே, அந்த இடத்தில் அவர் இதைப் போட்டார், டீ குடித்துக்கொண்டே. அப்பா எல்லாவற்றுக்கும் “ஐயா, ஐயா” என்று பதில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி விரல்நுனி வெளுத்துவிட்டது.

மனு ரசீது கிடைத்தது. வெளியே வந்ததும், “உங்கம்மாகிட்ட இதச் சொல்லிடாத” என்றார். வண்டி கிடைத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டாராம்.

ஐயா, மனு கொடுக்க வருகிறவரை ‘நீங்க’ என்று கூப்பிட வேண்டும், வசவு கூடாது. இதுதான் நான் கேட்பது. பொது இடத்தில் பிறர் முகம் சுளிக்க ஆபாசமாகப் பேசினால் 3 மாதம் வரை சிறை என்கிறது சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 294(பி), 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 296. தெருச்சண்டை வழக்கென்றால் முதல் தகவல் அறிக்கையில் இந்தப் பிரிவைப் பார்க்காமல் இருப்பது அபூர்வம். அதை எழுதுகிற மேசையிலேயே அந்த வார்த்தை ஓடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் ‘எடா’, ‘எடி’ என்று போலீஸார் மக்களைக் கூப்பிடக் கூடாது என்று உயர் நீதிமன்றமே 2021-ல் சொல்ல வேண்டியிருந்தது. இங்கேயும் நீதிமன்றம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

தூக்கம் கெட்டு, பண்டிகை நாளிலும் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்க்கிறவர்கள் என்பது தெரியும். ஆனால் ஆய்வாளர் உள்ளே வந்ததும் அதே காவலர் எழுந்து நின்றார். அவர் இருந்த பத்து நிமிடமும் அந்த வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை. முடிகிறது, ஐயா.

அந்தப் பத்து நிமிடப் பேச்சு எங்களுக்கும் வேண்டும். ‘நீங்க’ என்று கூப்பிடச் சொல்லி எழுத்தில் ஓர் உத்தரவு போட்டு, எல்லா நிலையங்களிலும் ரோல் காலில் வாசிக்கச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு கொடுத்தவரின் மகள்