கழிப்பறைப் பாதைக்கு லைட் போட்ட தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடம் கிடந்த கோலம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் பூட்டிய சோலர் லைட் வெளிச்சத்தில், நேற்று இரவு எட்டு மணிக்கும் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். வெளியே ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. பாலை மரக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் இங்கே அப்படித்தான், திருத்த ஆள் வர நாள் எடுக்கும்.

இந்தச் சோலருக்குக் காசு தந்த வெளிநாட்டுக்காரருக்கு முதலில் நன்றி. உங்கள் முகங்களை நாங்கள் பார்த்ததில்லை, பெட்டியில் ஒட்டியிருந்த கொடியைத்தான் பார்த்தோம். யாழ்ப்பாணத்துப் பக்கத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் சூரிய சக்தியும் காற்றாலையும் கலந்த மின்சாரம் வரப் போகிறது என்று 2022-இல் பேப்பரில் படித்தபோது, சரி, காட்டோரத்தில் இருக்கிற எங்களை யார் நினைக்கப் போகிறார்கள் என்று இருந்தது. அந்த வருஷம்தான் இலங்கை முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. யுத்தத்தில் எங்கள் பக்கத்துக்குச் சாமான் வராமல் மறித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு எரித்த சிக்கன விளக்கில் படித்தவள் நான். என் மகளும் இருட்டோடு மல்லுக்கட்டித்தான் படிக்க வேண்டுமா என்ற கோபம் நெடுநாளாக உள்ளே கிடந்தது.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பெரிய உதவி இல்லை, சோலர் தகடு பூட்ட வந்த ஒரு தம்பி. மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெடியன், இருபத்தைந்து வயது இருக்கலாம், அதிகம் பேச மாட்டார். லைட் எல்லாம் பூட்டி முடிந்த அன்று, பற்றரி இரவில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க விறாந்தையிலேயே இருந்தார். அப்போது இரண்டு பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் கொஞ்சத் தூரம் போய், இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறார். எங்கள் கழிப்பறை பின்னுக்கு, வீரை மரங்களுக்குக் கிட்ட இருக்கிறது. அந்தப் பக்கம் முத்திரைப் புடையன் பாம்பு அடித்தது எல்லாருக்கும் ஞாபகம். மாலை வகுப்பு இருக்கிற நாளில் பெண் பிள்ளைகள் மத்தியானத்தில் இருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பார்கள். தாய்மாருக்கு இது தெரியும், ரீச்சர்மாருக்கும் தெரியும், ஆனால் கூட்டத்தில் ஆண்கள் முன்னால் யார் எழும்பிச் சொல்வது? சோலருக்கு நிரப்பின படிவத்திலும் வகுப்பறை எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அந்தத் தம்பி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விடிந்ததும் மிச்சமிருந்த வயரை எடுத்து, எங்களிடம் ஒரு மண்வெட்டி வாங்கி, பிளாஸ்டிக் பைப்புக்குள் வயரை விட்டு நிலத்துக்குள் தாட்டு, கழிப்பறை வாசலில் ஒரு சின்ன எல்ஈடி லைட்டும் கிணற்றடியில் இன்னொன்றும் போட்டார். சுவிட்சை விறாந்தைத் தூணில், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் பூட்டினார். லைட் இரண்டும் அவருடைய பையில் இருந்த சொந்தச் சாமான் என்று பிறகுதான் தெரிந்தது. காசு கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. ஏன் தம்பி இதெல்லாம் என்று கேட்டதற்கு, "எங்க தோட்டத்து லயத்து வீடுகள்லயும் கக்கூஸ் தூரம்தான் அக்கா, எனக்கு மூணு தங்கச்சி" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்.

இப்போது பிள்ளைகள் வகுப்புக்குத் தண்ணீர்ப் போத்தலோடு வருகிறார்கள். இதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. சேற்றில் லொறி புதைந்தபோது உழவு இயந்திரத்தோடு ஓடி வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்களுக்கு ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்த அம்மாமார், இரவில் காவல் கிடந்த பழைய மாணவர்கள், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய பள்ளிக்கூட அதிபர் சேர், எல்லாருக்கும் நன்றி.

ஒன்றைச் சபதமாகவே சொல்கிறேன். முந்தி சில இடங்களுக்கு வந்த சோலர் எல்லாம் தகடு பழுதாகியா நின்றது? பற்றரி நாலைந்து வருஷத்தில் செத்தது, புதிது வாங்கக் காசில்லை, கோழி ஏறிப் படுத்தது. தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும், பற்றரிக்கு அந்த ஆயுள் இல்லை. எங்கள் தாய்மார் குழு மாதாமாதம் ஒரு தொகையைப் பற்றரிக்கென்று தனியாகப் போட்டு வைக்கும், அதில் விளையாட்டுப் போட்டிக்கும் எடுக்க மாட்டோம், வாணி விழாவுக்கும் எடுக்க மாட்டோம். தகட்டில் தூசி துடைக்கப் பிள்ளைகளுக்கு முறை போட்டாயிற்று, குரங்கு விரட்டவும்தான்.

தம்பி, பாலைப்பழக் காலத்தில் இந்தப் பக்கம் வேலை கிடைத்தால் வீட்டுக்கு வாருங்கள். தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.